பூச்சாண்டிக்குக் கன்னடம் தெரியுமா?

வில்லிபுத்தூர்ப் பாட்டி (மல்லேஸ்வரம், பெங்களூரு)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு கேள்வி. சோறு உண்ணாத பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போக உங்கள் வீட்டில் யார் வருவார்? அவருக்கு என்ன பெயர், எத்தனை கண், குடியிருப்பு எங்கே? உங்கள் அம்மாவோ ஆத்தாவோ பாட்டியோ சொன்னதை மட்டும் எழுதுங்கள். கூகுளில் தேடி எடுத்துப் போட வேண்டாம், அது எனக்கும் தெரியும்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் வீட்டில் இப்போது ஒரு பிள்ளையைப் பிடிக்க மூன்று பேர் வருகிறார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்து வளர்ந்தவள். எனக்குத் தெரிந்தவர் பூச்சாண்டி. அவருக்கு வேலை அதிகமான நாளில் மூன்று கண்ணன் வருவான். சம்பந்தியம்மாள் நாகர்கோவில்காரர். அவர் வந்து தங்கினால் மாக்கான் வந்துவிடுகிறான். பேரனைப் பகலில் பார்த்துக்கொள்ளும் அம்மாள் மண்டியா பக்கத்துக் கிராமத்தவர். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே வாசல் பக்கம் திரும்பி, யாரோ செருப்பைக் கழற்றிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்போல, "கும்ம பர்த்தானெ", கும்மன் வருகிறான், என்பார். குரலை உயர்த்தவே மாட்டார். நான் மேடை நாடகம் போல முழங்கினாலும் வாயைத் திறக்காத பிள்ளை அந்த மெல்லிய குரலுக்கு இரண்டு கவளம் இறக்கிவிடுகிறான்.

பேரனுக்கு நான்கு வயது. பயப்படுவதைவிட விசாரிப்பதில்தான் அவனுக்கு நாட்டம். போன வாரம், "பாட்டி, பூச்சாண்டிக்குக் கன்னடம் தெரியுமா?" என்று கேட்டான். தெரியாது என்றேன். "அப்படியானால் கும்மனும் அவனும் லிஃப்டில் ஒன்றாக வந்தால் எப்படிப் பேசிக்கொள்வார்கள்?" என்றான். அரசாங்கத்தில் இருந்து ஓய்வு பெற்றவள் நான், எத்தனையோ மேலதிகாரிகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். இதற்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு அவனே குடியிருப்பு ஒதுக்கீடு செய்துவிட்டான். பூச்சாண்டிக்கு மொட்டைமாடியில் டேங்குக்குப் பின்னால் இடம். கும்மனுக்கு சம்ப். மாக்கானுக்கு வீடு கிடையாது, நாகர்கோவில் பாட்டி ஊருக்குத் திரும்பும்போது அவனும் ரயிலேறிவிடுகிறான்.

வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சம்ப் என்பது பெங்களூர் வீடுகளில் தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி. காவிரித் தண்ணீர் வரும்போது அதில் நிரப்பி, மோட்டார் போட்டு மேலே ஏற்றுவோம். மூடி முற்றத்தில், பிள்ளைகள் ஓடியாடும் இடத்திலேயே இருக்கும். கும்மன் அதற்குள் குடியேறியது முதல் பேரன் அந்த மூடியை மிதிப்பதில்லை, சுற்றிக்கொண்டு போகிறான். இதைவிட நல்ல வாடகைதாரர் எனக்கு வேண்டுமா!

கும்மன் நேற்று வந்தவன் இல்லை. புரந்தரதாசர் பாடிய "கும்மன கரெயதிரெ" கேட்டிருப்பீர்கள். பதினாறாம் நூற்றாண்டுப் பாட்டு. குழந்தைக் கிருஷ்ணன் தாயிடம் பேரம் பேசுகிறான்: கும்மனைக் கூப்பிடாதே அம்மா, சும்மா இருக்கிறேன், பால் கேட்க மாட்டேன், மம்மு உண்கிறேன், அழ மாட்டேன். மம்மு என்றே பாட்டில் வருகிறது. உலகை உண்டவன் கும்மனுக்குப் பயந்து மம்மு உண்கிறான்.

எங்கள் ஊர் ஆழ்வார் இதற்குப் பல நூற்றாண்டு முன்பே கதையைத் தலைகீழாக்கிவிட்டார். பெரியாழ்வார் திருமொழியில் "மெச்சூது சங்கம்" என்று தொடங்கும் பதிகத்தைப் பாருங்கள். பாட்டுக்குப் பாட்டு "அப்பூச்சி காட்டுகின்றான்" என்று முடியும். கண்ணிமையை மடக்கி, முகத்தைக் கோணி, பிறரை அஞ்ச வைக்கும் விளையாட்டுக்கு அப்பூச்சி என்று பெயர். அங்கே பயமுறுத்துகிறவன் கண்ணன், அம்மனே என்று அலறுகிறவர்கள் ஆய்ச்சியர். பிள்ளைகளைப் பயமுறுத்தும் கலையை நாம் கண்டுபிடித்ததாக யாரும் பெருமைப்பட்டுக்கொள்ள வேண்டாம்.

சரி, உங்கள் வீட்டு ஆளை எழுதுங்கள்.

---

நாஞ்சிலான் (ஜாலஹள்ளி)

பாட்டி, மாக்கானுக்கு வீடு இல்லை என்று எழுதிவிட்டீர்களே. எங்கள் பக்கம் அவன் வாழைத்தோட்டத்தில் இருப்பான். காய்ந்த வாழைச் சருகு காற்றில் உரசும் சத்தம்தான் அவன் நடக்கும் சத்தம் என்று அம்மா சொல்வார். இரவில் கொல்லைப்புறம் போய்வரும்போது அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு எத்தனை கண் என்ற கேள்வியே எழாது.

தமிழ்நாட்டின் மற்ற பக்கங்களில் மாக்கான் என்றால் மந்தமானவன் என்று பொருள். கல்லூரியில் சேலத்து நண்பன் ஒருவனிடம், சிறு வயதில் மாக்கான் பெயரைக் கேட்டால் நடுங்குவேன் என்றேன். ஒரு முட்டாளுக்கா பயந்தாய் என்று அவன் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

மாக்கானுடன் கோக்காச்சியும் உம்மாக்கியும் உண்டு. மூன்றும் மலையாளத்திலும் வழங்குபவை. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து இந்தப் பக்கம் வந்தபோது இவர்கள் யாரும் இடம்பெயரவில்லை, இரண்டு பக்கமும் வீடு வைத்திருக்கிறார்கள். நம் அரசியல்வாதிகள் "பூச்சாண்டி காட்டுகிறார்கள்" என்று அறிக்கை விடும் இடத்தில் கேரளத்தில் "உம்மாக்கி காட்டுகிறார்கள்" என்பார்கள்.

கள்ளியங்காட்டு நீலி என்ற பேயை யாராவது இங்கே கொண்டுவருவதற்கு முன் ஒரு வார்த்தை. அவள் பிள்ளைகளுக்கானவள் இல்லை. வழியில் நின்று சுண்ணாம்பு கேட்பவள். வெற்றிலை போடாத பிள்ளையிடம் அவளுக்கு என்ன வேலை? எங்கள் வீட்டில் அவள் பெயரைப் பிள்ளைகள் முன் சொல்லவே விடமாட்டார்கள், பெரியவர்களுக்கே பயம். பயமுறுத்துவதற்கு என்று தனியாக இருக்கும் ஆட்கள் வேறு, உண்மையிலேயே பயப்பட வேண்டியவர்கள் வேறு. மாக்கானை அப்பா சிரித்துக்கொண்டே கூப்பிடுவார். நீலி விஷயத்தில் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

---

மாரிகுப்பம் பாசஞ்சர்

நான் கோலார் தங்கவயல். மாரிகுப்பத்திலிருந்து ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்துபோகிற கூட்டத்தில் ஒருவன். எங்கள் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வீட்டு வரிசையில், பூச்சாண்டி உண்டு, பிள்ளை பிடிக்கிறவன் உண்டு, கன்னடக்காரர்களின் கொக்கையாவும் உண்டு. தெலுங்கு வீடுகளில் பூச்சோடு. ஒரே குழாயடியில் எல்லோரும் தண்ணீர் பிடித்ததால் பேய்களும் கலந்துவிட்டன.

ஆனால் எங்களுக்கென்று ஒருவர் இருந்தார். சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். அவ்வளவு ஆழத்தில் பாறை அழுத்தம் தாங்காமல் வெடிக்கும்போது மேலே வீடு குலுங்கும். அடுக்கில் இருக்கும் தட்டுகள் கலகலவென்று ஒலிக்கும். பெரியவர்கள் முகம் வெளுத்துவிடும், ஏனென்றால் வீட்டுக்கு ஒரு ஆள் கீழே ஷிப்டில் இருப்பார். பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல முடியுமா? பாட்டி எங்களிடம், "முனி புரண்டு படுக்கிறார், சத்தம் போடாதீர்கள்" என்பார். நாங்கள் வாயைப் பொத்திக்கொள்வோம். அவர் வாசலில் போய் நின்று சுரங்கம் இருக்கும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அதே முனிக்கு சயனைடு மேட்டிலும் வேலை இருந்தது. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், குன்று குன்றாக இன்றும் நிற்கிறது. சறுக்கி விளையாட அதைவிட நல்ல இடம் கிடையாது, விளையாடக் கூடாத இடமும் அதுதான். மேட்டில் முனி இருக்கிறார் என்பார்கள். நாங்கள் போகாமல் இருந்தோமா என்று கேட்காதீர்கள். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். முனியை யாரும் மூடவில்லை.

பாட்டியின் பேரன் கேட்ட கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. 1990-களில் பெங்களூரில் "நாளெ பா" பீதி கிளம்பியது நினைவிருக்கிறதா? இரவில் ஒருத்தி வந்து வீட்டுக்காரருக்குத் தெரிந்த குரலில் கதவைத் தட்டுவாள், திறந்தால் முடிந்தது கதை என்று ஊர் முழுக்கப் பேச்சு. கதவில் நாளெ பா, அதாவது நாளை வா என்று எழுதிவைத்தால் படித்துவிட்டுப் போய்விடுவாளாம். மறுநாள் வந்து மறுபடி அதையே படிப்பாளாம். மளிகைக் கடையில் "இன்று ரொக்கம் நாளை கடன்" என்று தொங்கும் பலகைக்கு மயங்காத நாம் அவளை மட்டும் மயங்குவாள் என்று நம்பினோம். அப்போது நான் ஸ்ரீராமபுரத்தில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். சித்திக்குக் கன்னடம் பேசத்தான் வரும், எழுத வராது. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு சாக்பீஸால் கன்னடத்தில் எழுதச் சொன்னார். அவன் போனதும் சித்திக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வருகிறவள் எந்த ஊர்க்காரியோ? கீழே தமிழிலும் "நாளை வா" என்று எழுதச் சொன்னார், எழுதியவன் நான். எதிர் வீட்டு உருதுக்காரர் அதைப் பார்த்துவிட்டு மூன்றாவது வரியை அவர் கதவில் சேர்த்தார். எனவே பெங்களூர்ப் பேய்களுக்குக் குறைந்தது மூன்று மொழி தெரியும் என்று பேரனிடம் தைரியமாகச் சொல்லலாம்.

---

ஜெயநகர் அப்பா

தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் காலத்தில் குழந்தைகளை இப்படிப் பயமுறுத்திச் சோறு ஊட்டுவது சரியா? பசித்தால் தானே சாப்பிடும். இரவில் அலறி எழுந்தால் யார் பொறுப்பு? எங்கள் வீட்டில் இந்தப் பெயர்கள் எதையும் அனுமதிப்பதில்லை.

---

வில்லிபுத்தூர்ப் பாட்டி

தம்பி, தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. உங்கள் வீட்டில் பிள்ளை பசித்துத் தானே சாப்பிடுகிறது என்றால் அந்தப் பிள்ளைக்குத் திருஷ்டி சுற்றிப் போடுங்கள். என் மகளும் இதையேதான் சொல்கிறாள், அதுவும் கையில் போனைக் கொடுத்து வீடியோ காட்டி ஊட்டிக்கொண்டே சொல்கிறாள். பூச்சாண்டி வந்த வீட்டில் பிள்ளை பாட்டியின் முகத்தைப் பார்க்கும், வாசலைப் பார்க்கும், மறுபடி பாட்டியின் முகத்தைப் பார்த்து இது நிஜமா விளையாட்டா என்று அளக்கும். அந்த அளவெடுப்பு போனில் கிடைக்காது.

ஆனால் இருட்டறையில் அடைப்பது, தூங்கப் போகும் நேரத்தில் சொல்வது, நிஜமாகவே நடுங்குகிற பிள்ளையிடம் தொடர்வது, இதெல்லாம் கொடுமை. அங்கே உங்கள் கட்சிதான் நான். நாஞ்சிலான் தம்பி சொன்னதைக் கவனித்தீர்களா, அவர் அப்பா மாக்கானைச் சிரித்துக்கொண்டே கூப்பிடுவார் என்று? விஷயம் அந்தச் சிரிப்பில் இருக்கிறது.

தங்கவயல் தம்பிக்கு: உங்கள் சித்தியைப் போல் ஒருத்தி எங்கள் அலுவலகத்தில் இருந்திருந்தால் பல கோப்புகள் நகர்ந்திருக்கும்.

---

சுள்ளியா மருமகள் (ராஜாஜிநகர்)

என் மாமியார் கண்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு வந்த குடும்பம். தட்சிண கன்னடத்தில் சுள்ளியா ரப்பர் தோட்டத்தில் வேலை கொடுத்துக் குடியமர்த்தினார்கள். அவர் என் பெண்ணிடம் சொல்வது "கோணி பில்லா". சிங்களவர்களின் ஆள் அவன், கோணியோடு வந்து பிள்ளையை அள்ளிப் போட்டுக்கொண்டு போவான். கோணி என்பதால் நமக்கும் உடனே புரிந்துவிடுகிறது.

கப்பலில் பாத்திரம் பண்டம் கொண்டுவந்தோம், இவனும் கோணியோடு ஏறிக்கொண்டான் என்பார் மாமியார். சுள்ளியாவில் துளு, கன்னடம், மலையாளம், அரெபாஷே எல்லாம் பேசும் பிள்ளைகளோடு என் கணவர் வளர்ந்தார். அந்தப் பிள்ளைகள் யாருக்கும் கோணி பில்லாவைத் தெரியாது என்பதால் அவர்களை மிரட்ட இவர் கையில் ஒரு தனி ஆயுதம் இருந்ததாம். இன்றும் பெருமையாகச் சொல்வார்.

---

சாமராஜ்பேட்டைவாசி

சிரித்துக்கொண்டே படித்து வந்தேன். கோணி என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

எங்கள் வீட்டில் பூச்சாண்டி கிடையாது, பிள்ளை பிடிக்கிறவன்தான். அவனுக்குக் கொம்போ மூன்றாவது கண்ணோ கிடையாது. முன்பின் தெரியாத ஆள், தோளில் மூட்டை, அவ்வளவுதான் அடையாளம். புதுப் பாலம் கட்டினால் பலி கொடுக்கப் பிள்ளை தேடுகிறார்கள் என்ற பேச்சும் அவனோடு சேர்ந்து வரும். என் பாட்டி காலத்திலும் வந்தது, என் காலத்திலும் வந்தது.

2018-இல் அது வாட்ஸப்பில் வந்தது. பைக்கில் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் ஒரு வீடியோ உங்களுக்கும் வந்திருக்கும். அது கராச்சியில் பிள்ளைகளின் பாதுகாப்பை வலியுறுத்தி எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் தூக்கிப் போனவர்களே பிள்ளையைத் திரும்ப விட்டுவிட்டு எச்சரிக்கை அட்டையைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டுப் பரப்பினார்கள். அந்த மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் போளூர் அருகே, கோயிலுக்குக் குடும்பத்தோடு போன ஒரு மூதாட்டி வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லெட் கொடுத்தார். அவரை அடித்தே கொன்றார்கள். அதே மாதம் எங்கள் சாமராஜ்பேட்டையில் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்த 26 வயது இளைஞனைக் கட்டி வைத்து, தெருவில் இழுத்து, அடித்துக் கொன்றார்கள். வேறு ஊர் முகம், வேறு மொழி. வேறு குற்றம் எதுவும் இல்லை.

அடித்தவர்கள் எல்லோரும் சிறு வயதில் பிள்ளை பிடிக்கிறவன் கதை கேட்டவர்கள்தான். கதை கேட்டவர்கள் எல்லோரும் அடிப்பதில்லை என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் என் மகனிடம் அந்தப் பெயரை நான் சொல்வதில்லை. அவனுக்குப் பூச்சாண்டியைக் கடன் வாங்கிக்கொள்கிறேன், பாட்டி அனுமதித்தால்.

---

வில்லிபுத்தூர்ப் பாட்டி

எடுத்துக்கொள்ளுங்கள் தம்பி. பூச்சாண்டி பொதுச்சொத்து.

நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் தெருவில் "ஹளே பேப்பர்", பழைய பேப்பர், என்று குரல் கொடுத்துக்கொண்டு ஒருவர் வருவார். தள்ளுவண்டியில் தராசு, பக்கத்தில் மடித்த கோணி. அவர் குரல் கேட்டால் எதிர் வீட்டுப் பெண் குழந்தை வாஷிங் மெஷினுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும். அந்த வீட்டில் சோறு ஊட்ட அவரைக் காட்டித்தான் மிரட்டுகிறார்கள். ஒருநாள் நான் பழைய பத்திரிகைக் கட்டைப் போட்டபோது அவர் எதிர் வீட்டு ஜன்னலைப் பார்த்து, "பாப்பா இன்று சாப்பிட்டதா அம்மா?" என்று கேட்டார். விழுப்புரம் பக்கம் சொந்த ஊராம். ஊரில் அவருக்கும் அதே வயதில் பேத்தி. தன்னை என்னவாக்கி வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. தராசுத் தட்டில் கட்டை வைத்துக் கயிற்றைச் சரிசெய்தபடி, கோபமே இல்லாமல் கேட்டார். எனக்குத்தான் கோபம் வந்தது. அன்று மாலையே எதிர் வீட்டுக்குப் போய்ப் பேசினேன், பேச்சுவார்த்தை இன்னும் முழுதாகச் சீரடையவில்லை. பரவாயில்லை.

குடுகுடுப்பைக்காரர், பூம்பூம் மாட்டுக்காரர், இங்கே கன்னடத்தில் புடுபுடிகெ, கோலெ பசவ என்று வருகிறவர்கள், செக்யூரிட்டி, போலீஸ்காரர், ஊசி போடும் டாக்டர், யாரையும் பிள்ளை முன் இந்த வேலைக்கு அமர்த்தாதீர்கள். பிள்ளை தொலைந்துபோனால் அதே போலீஸ்காரரிடம்தானே ஓட வேண்டும்? பூச்சாண்டியையும் கும்மனையும் எவ்வளவு வேண்டுமானாலும் இழுங்கள். அவர்களுக்குப் பெண்டாட்டி பிள்ளை கிடையாது, அடிபடவும் மாட்டார்கள்.

மூன்று கண்ணனைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. அவன் எங்கள் ஊரில் மட்டும்தானா?

---

ஓசூர் ரோடு

தாமதமாக வருகிறேன். மூன்று கண்ணன் எங்கள் வீட்டிலும் உண்டு பாட்டி. அப்பா வழியில் தஞ்சாவூர், அங்கே மூன்று கண்ணன். அம்மா வழியில் ஓசூர்த் தெலுங்கு, அங்கே பூச்சோடு. என் மனைவி வீட்டில் அஞ்சு கண்ணன். திருமணமான புதிதில் மூன்றா ஐந்தா என்று ஒரு சர்ச்சையே நடந்தது. ரெட்டைக் கண்ணன் என்று சொல்லும் வீடுகளும் உண்டு. எல்லோருக்கும் இரண்டு கண்தானே, இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நாஞ்சிலான் (ஜாலஹள்ளி)

இருட்டில் இரண்டு கண் மட்டும் தெரிந்தால் போதாதா அண்ணா? மீதி உடம்பு எங்கே என்று தேட வேண்டியிருக்குமே.